குழாயில் வந்த வசனம்

தணிக்கைக் குழு ஊமையாக்கிய வசனம் டப்பிங்காரர் வீட்டுச் சமையலறைக் குழாயில் வந்தது. மதியக் காட்சியில் அந்த இடம் வரும்போது குழாயைத் திறந்தால் தண்ணீரோடு சேர்ந்து விழும்: "செருப்புகூட வேணாம். அப்படியே வா, போயிடலாம்."

ஒரு நாவலில் ஒருவன் அடுத்தவன் மனைவியிடம் சொல்வது அது. அதற்காகவே நாவலைத் தடைசெய்து, கடைகடையாக அள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு டைரக்டர் துணிந்து அதைப் படமெடுத்தார். படத்தை விட்டார்கள், வசனத்தை விடவில்லை. கதாநாயகன் உதடு அசையும்; தியேட்டரில் மின்விசிறிச் சத்தம்தான் கேட்கும். அவனுக்குக் குரல் கொடுத்த கையோடு டப்பிங்காரருக்குத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். ஆள் பிழைத்தார். ஆனால் வாசலில் நின்று மனைவியைக் கூப்பிடும் அந்தக் குரல் போயிற்று. பழைய படங்களில் அவருக்கு வில்லன் குரல்தான். இந்தப் படத்திலும் முக்கால்வாசி சண்டை. அன்பாகக் கூப்பிட்டது அந்த ஒரு இடத்தில்தான்.

அதனால் அவர் மனைவி கழுவிய பாத்திரத்தையே மதியம் மறுபடி கழுவினாள். டப்பிங்காரருக்கு இது பிடிக்கவில்லை. தினம் ஒருவன் வந்து தன் மனைவியை ஓடிப்போகக் கூப்பிட்டால் யாருக்குப் பொறுக்கும்? பிளம்பரைக் கூட்டிவந்தார். பிளம்பர் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "வாஷர் மாத்தினா சொட்டறது நிக்கும்ணே, பேசறது நிக்காது" என்றான்.

"நீங்க போங்க தம்பி, அது பாட்டுக்குப் பேசட்டும்" என்று அனுப்பிவிட்டு, "உங்க குரல்தானேங்க, அதுக்கு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள்.

அவர் தன் மார்பைத் தொட்டு, தன்னுடையது இல்லை என்று தலையாட்டினார். சில நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு ஒரு மதியம் தானே குழாயடியில் போய் நின்றார். ஆயுசெல்லாம் அடுத்தவர் உதட்டுக்குக் குரலைப் பொருத்தியவர், அன்று குரலுக்கு உதட்டைப் பொருத்தினார். இம்மி பிசகவில்லை. ஈரக்கையோடு அவள் முழுப் புருஷனையும் பார்த்தாள். தினமும் பார்த்தாள்.

ஒருநாள் டைரக்டர் ஓடிவந்தார். "ஜெயிச்சிட்டோம் அண்ணி! தடை போச்சு. அண்ணன் குரல் இனி ஊருக்கே கேக்கும்!"

தடை செய்தவர்களை வாயாரத் திட்டியவள்தான் அவள். நாவலை அரிசி டின்னுக்குள் ஒளித்துவைத்துப் படித்தவள். சந்தோஷம் என்று சிரித்துவிட்டு, உள்ளே போய் அழுதாள்.

நாவல் கடைகளுக்குத் திரும்பியது, வசனம் படத்துக்குத் திரும்பியது. குழாயில் தண்ணீர் மட்டும் வந்தது. அவள் தியேட்டருக்குப் போனாள். அந்த இடம் வந்ததும் சனங்கள் அடித்த விசிலில் ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. வீடு திரும்பினால், அவர் வாசலில் நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் உதட்டை அசைத்தார். அதே வசனம், அதே நிதானம். தண்ணீர்கூட ஓடவில்லை.

"வரேன்" என்றாள். இத்தனை நாளில் பதில் சொன்னது அதுவே முதல் தடவை. செருப்பைக் கழற்றிப் போட்டாள். இருவரும் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். மறுநாளும் போனார்கள்.

படம் தியேட்டரைவிட்டுப் போன பிறகு, ஒரு மதியம் பக்கத்துவீட்டுக்காரி வழிமறித்தாள். "அண்ணனைக் கொஞ்சம் மெதுவா கூப்பிடச் சொல்லுங்கக்கா. பிள்ளை முழிச்சுக்குது."

"சொல்றேன்" என்று அவள் வெறுங்காலோடு இறங்கிப் போனாள்.