ஒற்றை மிஸ்டு கால்

தெருவில் சைரன் போகும்போது அந்த சலூன்காரனிடம் தலையைக் கொடுக்கக் கூடாது என்பது அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். ஒரு கிருதா ஏறி, மறு கிருதா இறங்கி வீடு போய்ச் சேர்ந்தவர்கள் சொல்லிப் பரவிய சங்கதி அது. அவனைக் குறை சொல்லி என்ன செய்வது? அந்தச் சிவப்பு வண்டியில் போகிறவள் அவன் பெண்டாட்டி. தீயணைப்பு நிலையத்தில் குழுத் தலைவி. எரிகிற கட்டடத்துக்குள் முதல் ஆளாக நுழைவது அவள்தான்.

போனை நிலையத்தில் வைத்துவிட்டுத்தான் வண்டியில் ஏற வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆகவே கல்யாணமான புதிதிலேயே இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நெருப்பை அணைத்து நிலையத்துக்குத் திரும்பியதும் அவள் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒரே ஒரு ரிங். அவன் எடுக்கக் கூடாது, தேடிக்கொண்டு வரவும் கூடாது. அது வரும்வரை அவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைப்பான். வந்துவிட்டால் ஆளே வேறு. நல்லவேளையாக, இத்தனை வருடத்தில் அது அவனை வெகுநேரம் காக்க வைத்ததே இல்லை. என் வீட்டுக்காரி கெட்டிக்காரி, சட்டுபுட்டென்று முடித்துவிடுவாள் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அன்று முற்பகல், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குப் பாதி முகம் சவரம் முடிந்திருந்த நேரத்தில் சைரன் கேட்டது. வழக்கமாகத் தூரத்தில் தேய்ந்து மறைகிற சத்தம், அன்று கடைக்குப் பின்னாலேயே நின்றுவிட்டது. வாசலுக்கு ஓடிப் பார்த்தான். பின்தெரு மெத்தைக் கிடங்கின் கூரைக்கு மேல் கரும்புகை. போகக் கூடாது என்று உள்ளே வந்து கத்தியை எடுத்தான். வைத்தான். மறுபடி எடுத்தான். வாத்தியார் கழுத்தைத் தடவிக்கொண்டு, "நீ போய்ட்டே வாப்பா, எனக்குக் கழுத்தாவது மிஞ்சட்டும்" என்றார். தோளில் கிடந்த துண்டோடு தலைதெறிக்க ஓடினான்.

கூட்டத்துக்குப் பின்னால் ஒரு விளக்குக் கம்பத்தை ஒட்டி மறைந்து நின்றான். முகமூடியும் ஹெல்மெட்டுமாக எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள். ஆனால் இடது காலை அழுத்தி வைக்கிற அந்த நடை அவனுக்குத் தெரியாதா? முதுகில் காற்று சிலிண்டர், கையில் தண்ணீர்க் குழாய். உள்ளே காவலாளி மாட்டிக்கொண்டிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அவள் குனிந்து புகைக்குள் நுழைந்தாள்.

அப்போது சட்டைப்பையில் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். எடுத்துப் பார்த்தான். அவளுடைய எண்.

பழக்கதோஷம், வந்துவிட்டாள் என்று மனசு ஒரு கணம் குளிர்ந்தது. அப்புறம்தான் நிமிர்ந்து புகையைப் பார்த்தான். அவள் போன் நிலையத்தில் அல்லவா இருக்கிறது? அங்கே வயர்லெஸ்ஸைப் பார்த்துக்கொள்கிற, அவள் அண்ணன் என்று கூப்பிடுகிறவர்தான் அடித்திருக்க வேண்டும். அப்படியென்றால் இத்தனை வருடமும் காதில் பூ சுற்றியிருக்கிறாள். அவன் நிம்மதியாக முடி வெட்டிய நேரமெல்லாம் அவள் நெருப்புக்குள் இருந்திருக்கிறாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வெளியே வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தான். கொஞ்ச நேரத்தில், வந்தால் போதும் என்று ஆகிவிட்டது.

காவலாளியைத் தோளில் தாங்கிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது கூட்டம் கைதட்டியது. அவன் தட்டவில்லை. வண்டிப் படியில் உட்கார்ந்து முகமூடியைக் கழற்றியவள் முன்னால் போய் நின்று போனை நீட்டினான். கரி அப்பிய முகத்தில் கண் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதையும் அவள் தாழ்த்திக்கொண்டாள்.

"எத்தனை தடவை?" என்றான்.

"எல்லாத் தடவையும். வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்துல அடிச்சிடுங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"நான் பயந்துடக் கூடாதுன்னுதானே?"

"உனக்காக இல்லப்பா, எனக்காக. நீ அங்க தவிச்சுக்கிட்டு நிக்கிறது ஞாபகம் வந்தா எனக்கு உள்ள கால் வைக்க வராது. இந்நேரம் உனக்கு ரிங் வந்திருக்கும்னு நெனச்சுக்கிட்டுத்தான் நுழைவேன்."

அவனிடம் திட்டுவதற்கு நிறைய இருந்தது. அதற்குள் கூட்டாளி ஒருவன் ஓடிவந்து, கிடங்கின் பின்பக்கம் திரும்பப் பற்றிக்கொண்டது என்றான். அவள் எழுந்து முகமூடியை மாட்டினாள். ஆனால் போகவில்லை. முகமூடியின் வாரைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகைக்குள் அசராமல் போனவள் இப்போது ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

"இனிமேலும் அடிக்கச் சொல்லு," என்றான். "நான் நம்பிக்கிறேன்."

திரும்பி நடந்தான். அவள் பார்வை எட்டுகிற வரை, ஒன்றும் நடக்காதவன்போல, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நிதானமாக நடந்தான். தெரு திரும்பியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.