பலீல் கடையில் தூங்கும் ஜனம்

மேல் டிவிசன் ஜனங்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன செய்தி, மேல் டிவிசன் ஜனங்களுக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. கண்டுபிடித்தவர்கள் கொழும்பில், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்திருந்தார்கள். நாட்டில் யார் எந்த ஊரைவிட்டு எந்த ஊருக்குக் குடிபெயர்கிறார்கள் என்று மதிப்பிடும் பெரிய ஆய்வாம். வீடு வீடாகப் போய்க் கேட்பதெல்லாம் அந்தக் காலமாம். ஒருவனுடைய போன் ராத்திரியில் எந்த டவரோடு பேசுகிறதோ, அங்கேதான் அவன் வசிக்கிறான் என்று எடுத்துக்கொண்டால் போதுமாம். செருப்புத் தேயாமல் ஊர் பார்க்கிற வித்தை இது.

அந்த வித்தையின்படி, இரத்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தின் மேல் டிவிசனில் ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை. அத்தனை பேரும் நாலு மைல் கீழே, பாதை வளையும் முடக்கில் இருக்கும் பலீல் நானாவின் தேத்தண்ணிக் கடையைச் சுற்றிக் குடியேறிவிட்டார்கள். புதிதாக உருவாகிவரும் குடியிருப்பு என்று அறிக்கையில் அதற்குப் பாராட்டு வேறு. ஆள் இல்லாத இடத்துக்கு பஸ் எதற்கு? மாத்தளையிலிருந்து வரும் பின்னேர பஸ் இனிமேல் பலீல் கடையோடு திரும்பிவிடும் என்று முடிவாயிற்று.

கேட்டதும் கிருஷாந்தினிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது. மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறாள். அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா செல்லச்சாமி மட்டும் மேல் டிவிசன் லயத்து வீட்டில் இருக்கிறார், இரண்டு முழங்காலும் கொழுந்து மலையில் ஏறி இறங்கியே தேய்ந்துபோன மனுசன். காலையில் ஆக்கி வைத்துவிட்டு வந்து, இரவு போய்ச் சோறு போட்டு, தைலம் தேய்த்துக் கால் உருவிவிட்டால்தான் அவளுக்கு அன்றைய நாள் முடியும். அந்த பஸ் போனால் அவளுக்கு வீடு போன மாதிரி. ஓட்டோவில் போய்வரலாம், சம்பளத்தை அப்படியே ஓட்டோக்காரருக்கு எழுதிவைத்தால்.

விஷயம் இவ்வளவுதான். மேல் டிவிசனில் சிக்னல் மருந்துக்கும் கிடையாது. அதனால் பின்னேரம் மேலே ஏறுகிறவர்கள் போனைப் பலீல் கடைப் பலகையில் சார்ஜில் போட்டுவிட்டுப் போவார்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் ஜன்னல் வழியாகவே நீட்டுவார்கள், பலீல் நானா வாங்கி வைப்பார். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் ராத்திரி கோல் எடுத்தால் அவரே பேசி, காலையில் சேதி சொல்வார். பல வருசமாக நடக்கிற பழக்கம். இதில் யாரும் குடிபெயரவில்லை, போன்கள்தான் போர்டிங்கில் இருந்தன.

ஆய்வைப் பற்றி விளக்கம் சொல்ல ஒரு கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து, ஆய்வை நடத்திய கலாநிதி தனுஜன் வந்திருந்தார். சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. கிருஷாந்தினி எழுந்து நின்றாள்.

“சேர், அங்க தூங்குறது எங்க போனுங்க. நாங்க மேலதான் தூங்குறோம்.”

அவர் சின்னப்பிள்ளையைப் பார்ப்பதுபோலச் சிரித்தார். “அது உங்களுடைய தனிப்பட்ட அனுபவம், தங்கச்சி. நாங்கள் லட்சக்கணக்கான ஆட்களைப் பார்க்கிறோம்.”

“ஒருக்கா மேல வந்து பாத்துட்டுப் போங்களேன்.”

“வந்து பார்த்தால் ஒரு ஊரைத்தானே பார்க்கலாம்? அடுத்த மாதம் திரும்பவும் தரவு எடுப்போம். நீங்கள் மேலே இருந்தால் அது தானாகவே தெரிந்துவிடும்.”

ஊரில் இருக்கிற மனிதர்களைப் பார்த்தால் ஊர் தெரியாது என்பதற்குப் படித்துப் பட்டம் வாங்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அவர் சொன்னது கிருஷாந்தினியின் தலையில் ஏறிவிட்டது. லயம் லயமாகப் போனாள். “இந்த மாசம் பூரா யாரும் போனக் கடையில வைக்காதீங்க. எல்லாரும் மேல கொண்டாந்திடுங்க. நம்ம இங்கதான் இருக்கோம்னு அவனுங்களுக்குக் காட்டுவோம்.” ஜனமும் கேட்டது. போன்கள் மேலே வந்து, ராணி மாதிரி சாமிப் படத்துக்குக் கீழே படுத்தன. சிக்னலே இல்லாத இடத்தில் கிடக்கும் போன் எந்த டவரோடு பேசும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஊரைத் தூக்கி நிறுத்தப் புறப்பட்ட கிருஷாந்தினிக்கும் தோன்றவில்லை. மடத்தனம் என்ன, கொழும்புக்கு மட்டுமா சொந்தம்?

அடுத்த அறிக்கை வந்தது. பலீல் கடைக் குடியிருப்பும் மாயமாகிவிட்டதாம், அங்கிருந்த ஜனமும் வெளியேறிவிட்டதாம். பஸ் இரத்தோட்டையோடு நின்றது. பீலியடியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ள இரண்டு கை போதவில்லை.

வேறு வழியில்லாமல் டவுனுக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் ஒரு போர்டிங் பிடித்தாள். ஞாயிறு மட்டும் வீடு. மற்ற நாட்களில் கடை முடிந்ததும் அப்பாவின் போனுக்கு எடுப்பாள். அந்த போன் பழையபடி பலீல் கடைக்கே வந்துவிட்டது. அப்பா அதற்காகவே நாலு மைல் இறங்கி வந்து காத்திருப்பார். “இருட்டிருச்சே, எப்படிப்பா ஏறுவீங்க?” என்றால், “அதெல்லாம் மெதுவா போயிடுவேன், நீ சாப்பிட்டியா?” என்பார்.

ஒருநாள் கலாநிதி தனுஜன் புடவைக் கடைக்கு வந்தார். திருவிழா பார்க்க மாத்தளைக்கு வந்தவர், சட்டைத் துணி வாங்க நுழைந்திருந்தார். நீலத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“தங்கச்சி, நீங்கள் அந்த மேல் டிவிசன்தானே? இப்போது எங்கே இருக்கிறீர்கள்?”

“அலுவிகாரையில. போர்டிங்ல.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “பார்த்தீர்களா! இளம் பெண்கள்தான் முதலில் வெளியேறுவார்கள் என்று எங்கள் மதிப்பீட்டில் இருந்தது. அப்படியே சரியாக வந்திருக்கிறது.”

அவள் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. பலீல் நானா.

“மகள், ஒங்கட்ட சொல்ல வேணாம்னு அப்பா சொல்லியிருக்காரு. எனக்கு மனசு கேக்கல. ரெண்டு மூணு கிழமையா அவரு மேல ஏறுறதே இல்ல. ஒங்களோட பேசிட்டு, முழங்கால் ஏலாம, கடை வாங்குலதான் படுக்குறாரு. ஞாயித்துக்கிழமை விடிய, நீங்க வர முந்தி, யாரையாச்சும் புடிச்சிட்டு மேல போயிடுறாரு.”

தேத்தண்ணி குடிக்க உட்காரும் அந்த ஒடுங்கிய பலகை வாங்கில், கால் நீட்ட முடியாமல் முடங்கிக் கிடக்கும் அப்பா அவள் கண்முன் வந்தார். தன்னோடு பேச வேண்டும் என்பதற்காகத்தானே என்று நினைத்தபோது அழுகை வந்தது, எதிரே நின்ற முகத்தைப் பார்த்ததும் அது வற்றிப்போயிற்று.

“ஒங்க கணக்கு ரொம்ப சரி சேர்” என்றாள். “பலீல் நானா கடையில ஒரு ஆள் மெய்யாவே குடியேறிட்டாரு. இந்தத் தடவ போன் இல்ல. எங்கப்பா.”

“அப்படியா!” தனுஜன் ஆசையாக போனை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாரானார். “எப்போதிலிருந்து?”

கிருஷாந்தினி அவர் கையிலிருந்த நீலத் துணியை வெடுக்கென்று இழுத்து, மடித்து, அலுமாரியில் வைத்தாள்.

“இது விக்கிறதுக்கு இல்ல.”

முதலாளி கூப்பிடக் கூப்பிட, பையை எடுத்துக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸைப் பிடிக்க இறங்கிப் போனாள்.