பவளத்தின் முன்னங்கால்

முத்துராணிக்கு அன்று காலையிலேயே உடம்பு அசந்துபோயிருந்தது. களக்காட்டு மலையடிவாரத்தில் செந்தூர்பாண்டி நடத்தும் குதிரைப் பண்ணையில் சவாரிக்கு வழிகாட்டுகிறவள் அவள். பொங்கல் லீவு தொடங்கியதிலிருந்து கூட்டம் ஓயவில்லை. குதிரைகளுக்கும் ஓய்வில்லை.

பவளம் என்ற பெட்டைக்குதிரையின் கால்களை உட்கார்ந்து தடவிப் பார்த்தாள். வீக்கமில்லை, சூடுமில்லை. தூசி தட்டி, நாலு காலுக்கும் பூட்ஸ் மாட்டினாள். குளம்புக்கு மேலே சுற்றி ஒட்டுகிற தடித்த ரப்பர் உறை அது. கல்லும் முள்ளும் கால் நரம்பில் படாது.

சவாரிக்கு வந்திருந்த, பாளையங்கோட்டைக் கல்லூரியில் பாடம் நடத்தும் ஸமீஹா பவளத்தின் மேல் ஏறிக்கொண்டாள். முத்துராணி மட்டக்குதிரையில் முன்னால் போனாள். அருவிக்குப் போகும் வழியில் பச்சையாற்றைக் கடந்து கரையேறியதும் இறங்கி, பவளத்தின் பூட்ஸ்களைக் கழற்றத் தொடங்கினாள்.

"அருவிக்குப் போயி பாத்துக்கிடலாமேக்கா" என்றாள் ஸமீஹா.

"உள்ள மண்ணு ஏறியிருக்கு டீச்சர். நடக்க நடக்கத் தோலை அறுத்துரும்."

ஒவ்வொன்றாக அலசி, ஈரக் காலைத் துடைத்து மறுபடி மாட்டி நிமிர்வதற்குள் முத்துராணியின் முழங்கால் விண்விண் என்று தெறித்தது.

மேட்டில் ஏறும்போது புதருக்குள்ளிருந்து ஒரு மயில் படபடவென்று எழும்பியது. பவளம் மிரண்டு பக்கவாட்டில் துள்ளியதில் அதன் பின்னங்கால் லாடம் முன்னங்காலிலேயே அடித்தது. ஸமீஹா அதன் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு விழாமல் தப்பினாள்.

முத்துராணி ஓடிப்போய்க் குனிந்தாள். பூட்ஸ் குறுக்கே கிழிந்திருந்தது. கழற்றிப் பார்த்தாள். தோலில் கீறல்கூட இல்லை. ஆனால் தொட்ட இடம் கொதித்தது. ஸமீஹா சொல்லாமலே இறங்கிவிட்டாள்.

"நான் கடிவாளத்த வெடுக்குனு இழுத்துட்டேங்க்கா."

"மயிலுக்கு நாம என்ன செய்ய? வாங்க, சூடு தணியத் தண்ணியில நிப்பாட்டுவோம்."

ஆற்றுக்குள் பவளம் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அப்போது செந்தூர்பாண்டி போனில் கூப்பிட்டார்.

"எங்கட்டி நிக்க? சாயங்காலம் நாங்குநேரிக்காரங்க வாராவ. பவளத்தத்தான் கேக்காவ."

"பவளத்துக்கு அடிபட்டுட்டு அண்ணாச்சி. அது சவாரிக்கு வராது."

"ரத்தமா?"

"ரத்தமில்ல. சூடு இருக்கு."

"பொறவு என்ன? பூட்ஸ மாட்டிக் கூட்டியா. அதுக்குத்தான வாங்கிப் போட்டிருக்கு."

"பூட்ஸ் கல்லத்தான் தடுக்கும் அண்ணாச்சி. இது சவாரி போயிப் போயி அசந்து நிக்கி. இன்னைக்கு நானும் வரல."

"நீயுமா?"

"என்னாலயும் முடியல."

அவர் போனை வைத்துவிட்டார். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பயப்படக்கூடத் தெம்பில்லை.

பவளத்தைப் பைய நடத்தித் திரும்பினார்கள். மட்டக்குதிரையை ஸமீஹா பிடித்து வந்தாள்.

பண்ணை வாசலில் செந்தூர்பாண்டி நின்றிருந்தார். குனிந்து பவளத்தின் காலை உள்ளங்கையால் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"நாங்குநேரிக்காரங்கள வரவேண்டாம்னு சொல்லுதேன்" என்று கயிற்றை வாங்கிக்கொண்டார். "டாக்டர் வந்து பாக்கட்டும். நீ வீட்டுக்குப் போ."

போகத்தான் நினைத்தாள். ஆனால் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.