ஒரு கோடு குறைவு

டிஸ்பென்சரிக்கு மருந்து வாங்கப் போகிறவர்கள் பாட்டிலையும் கையோடு கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் சிவப்பு மிக்சரை ஊற்றி, ஓரத்தைப் பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒன்றை வெளியே ஒட்டித் தருவார். ஒவ்வொரு பல்லும் ஒரு கோடு; ஒரு வேளைக்கு ஒரு கோடு. தாராவியில் அந்தச் சந்து முழுக்க இது தெரியும். பெரிய ஆளுக்கு ஒரு கோடு என்றால் பிள்ளைக்கு அரைக் கோடு என்பதைச் சந்துக்காரர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

ஆறுமுகத்தாயின் புருஷன் பூலோகம் தோல் ஷாப்பில் வேலை பார்த்தான். அவன் இருமலுக்கு ஆறு கோடு மருந்து வந்தது. நேற்று மாலை ஒன்று குடித்தான். இன்று காலை ஒன்று குடித்துவிட்டு வேலைக்குப் போனான். எட்டு மாதப் பிள்ளை சுயம்புவுக்கு மூக்கடைத்துப் பால் குடிக்க முடியவில்லை. அவள் அதே பாட்டிலிலிருந்து அரைக் கோடு புகட்டினாள். பிறகு பிள்ளையையும் வீட்டுச் சாவியையும் பக்கத்து வீட்டுப் பேராச்சியிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீருக்குப் போனாள். வழக்கமே அதுதான்.

குழாயடியிலிருந்து திரும்பியபோது மணி இரண்டு. பிள்ளை பேராச்சி வீட்டுத் தொட்டிலில் உறங்கியது. எடுத்து மார்பில் வைத்தாள். வாய் திறக்கவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினாள். இமை மட்டும் லேசாக அசைந்தது.

"உறங்குத பிள்ளைய எதுக்குட்டி பாடாப் படுத்துத? ராத்திரி பூரா உறங்கலல்லா" என்றாள் பேராச்சி.

"யக்கா, மருந்து எதும் குடுத்தியளா?"

"நல்லாருக்கே! அஞ்சு பெத்தவ நான். ஒண்ணும் குடுக்கல. தானா உறங்குது."

ஆறுமுகத்தாய் சாவியை வாங்கித் தன் வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மூன்றரைக் கோடு இருக்க வேண்டும். இரண்டரைதான் இருந்தது. பிள்ளையைத் தோளில் போட்டு, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். பேராச்சி செருப்புக்கூடப் போடாமல் பின்னாலேயே வந்தாள்.

டிஸ்பென்சரி டாக்டர் சந்திரமௌலி பக்கத்து மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். பிள்ளையின் இமையைத் தூக்கிப் பார்த்தார். கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணினார்.

"என்ன கொடுத்தேள்?"

அவள் பாட்டிலை நீட்டினாள். "காலையில அரைக் கோடு, டாக்டர். பிறகு ஒரு கோடு குறையுது."

"இது உங்க புருஷனுக்குக் கொடுத்த மருந்தும்மா. கைக்குழந்தைக்குக் காலும் கிடையாது, அரையும் கிடையாது. மயக்கிப் போட்டுடும். அந்த ஒரு கோடு எப்போ உள்ள போச்சு? பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரணும். நேரம் சொல்லுங்கோ."

பாட்டில் அளவைத்தான் சொல்லும். ஆறுமுகத்தாய் பேராச்சியைப் பார்த்தாள். பேராச்சி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யக்கா, நான் சண்டைக்கு வரமாட்டேன். நேரத்த மட்டும் சொல்லுங்க."

"மில்லுச் சங்கு ஊதுச்சுல்லா, பன்னெண்டு மணிக்கு. அப்பந்தான்" என்றாள் பேராச்சி. "நீ குடுத்தது எனக்குத் தெரியாதுட்டி. அழுதுக்கிட்டே கெடந்துச்சு. அரைக் கோடு அளக்க வரல, முழுசா ஊத்திட்டேன்."

டாக்டர் எழுதினார். டாக்ஸி வந்தது.

ஆஸ்பத்திரியில் மூச்சைக் கவனித்தபடியே பிள்ளையை வைத்திருந்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் சுயம்பு கண் விழித்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதான். மறுநாள் அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா, சளிக்கு மிக்சர் வேண்டாம் என்றாள். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து சொட்டு மருந்தாக ஒரு சிறு பாட்டிலில் கொடுத்தாள். மூக்கில் இரண்டு சொட்டு விட்டுத் துணியால் துடைத்து, அடிக்கடி பால் கொடுக்கச் சொன்னாள். மூச்சு வாங்கினால், பால் குடிக்காவிட்டால், எழுப்பியும் எழாவிட்டால் உடனே வர வேண்டும்.

இரண்டு நாள் அவள் தண்ணீருக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் குடம் காலியாகிவிட்டது. பிள்ளையின் மூக்கைத் துடைத்து, பால் கொடுத்துவிட்டு, ஆறுமுகத்தாய் போய்ப் பேராச்சி வீட்டு வாசலில் நின்றாள்.

"பிள்ளைய வச்சுக்கிடுங்க யக்கா. அழுதா என்னக் கூப்பிட ஆள் அனுப்புங்க."

பேராச்சி பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சாவிக்காகக் கையை நீட்டப் போனவள் நீட்டாமல் நிறுத்திக்கொண்டாள். சிவப்பு மிக்சர் பாட்டில் உள்ளே பரணில் இருந்தது. வீடு பூட்டியிருந்தது. ஆறுமுகத்தாய் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக் குழாயடிக்கு நடந்தாள்.