மதிலுக்கு அந்தப் பக்கம், நாலு நிமிடம்

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரம் பெருத்துப் பெருத்து எங்கள் பக்கம் வந்தபோது தெருத்தெருவாக வரவில்லை, மதில் மதிலாக வந்தது. ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரே வாசல், ஒரு காவல்காரர். டயாலிசிஸ் மையம் எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம்தான். ஆனால் என் கணவர் எவரிஸ்தோவை வாரம் மூன்று நாள் அங்கே கூட்டிப்போக இரண்டு பஸ், ஒன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது மனிதர் துவண்டு போயிருப்பார், சாப்பிடாமலே படுத்துவிடுவார்.

பின்மதிலில் ஓர் இரும்புக் கதவு உண்டு. ஒரு சைக்கிள் திருட்டுப் போனதும் எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் தோன் ரெமிஹியோ அதைப் பூட்டிவிட்டார். இரண்டு வருடமாகக் கெஞ்சினேன்.

"தொறந்து விட்டா யார் யாரோ உள்ள வருவாங்கம்மா."

"அந்தப் பக்கத்துத் தலைவரும் நம்மளப் பத்தி இதத்தான் சொல்லிட்டிருக்காராம்."

டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் போசாதா விழா வந்தது. ஒன்பது நாள் மாலையும் யோசேப்பு, மரியாள் வேஷத்தோடு ஒரு கூட்டம் வெளியே நின்று தங்க இடம் கேட்டுப் பாடும்; உள்ளே இருப்பவர்கள் பாடியே விரட்டுவார்கள்; கடைசிச் சரணத்தில் கதவைத் திறந்தே ஆக வேண்டும். விரட்டிப் பாடுவதில் தோன் ரெமிஹியோவை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டு முறை. "பின்மதில் பக்கம் வெச்சுக்கலாம், அங்கதான் இடம் தாராளம்," என்றேன். அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் என் தோழி நேலியிடம் முன்பே பேசியிருந்தேன்.

ஆறு மணிக்கு மதிலுக்கு வெளியே பாட்டு எழுந்தது. ஐம்பது குரலாவது இருக்கும். தோன் ரெமிஹியோ என்னை முறைத்தார். ஆனாலும் பாட்டு காதில் விழுந்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது. போ போ என்று மனதாரப் பாடினார். கடைசிச் சரணமும் வந்தது. எல்லோரும் அவர் இடுப்புச் சாவிக்கொத்தைப் பார்த்தோம்.

"ஏமாத்திட்டியேம்மா."

"ஆமாங்க. மரியாள் வேஷத்துல ஏழு வயசுப் பொண்ணு வெளிய நிக்குது. இடமில்லன்னு நீங்களே அவகிட்டச் சொல்லிடுங்க."

அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "போசாதாவுக்கு வந்தவங்களத் தெருவுல விட்டவன்னு பேரெடுத்துட்டு நான் இந்த ஊர்ல இருக்க முடியுமா?" என்று முனகியபடி பூட்டோடு மல்லுக்கட்டித் திறந்தார்.

மறுநாள், கதவு காலை ஐந்து முதல் இரவு பத்து வரை திறந்திருக்கும் என்று, தன் சொந்த யோசனை போலவே அறிவித்தார். நன்றாக இருக்கட்டும்.

அடுத்த டயாலிசிஸ் முடிந்து எவரிஸ்தோ என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார். நாலு நிமிடம். நேராகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கோழி சூப்பை ஒரு வாய் குடித்தார்.

"என்ன சமையல் இது, உப்பே இல்ல."

"உங்களுக்கு உப்புக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?"

இரண்டு வருடத்தில் டயாலிசிஸ் நாளில் அவர் என் சமையலைக் குறை சொன்னது அன்றுதான். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.