கத்தரி புகழ்ந்த பதினாறு பக்கம்

கத்தரி ஒரு நாவலைப் புகழ்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டவர்கள், முதலில் அவளுக்கு உடம்பு சரியில்லையோ என்றுதான் விசாரித்தார்கள்.

அண்ணனுடைய திரைச்சீலைக் கடையில் துணியை அளந்து வெட்டுவது அவள் வேலை. ஆனால் கத்தரி என்ற பட்டப்பெயர் ஊரெல்லாம் பரவியது வேறு வெட்டினால். புதிதாக வரும் மாயாஜால நாவல்களையும் காதல் நாவல்களையும் ஒன்று விடாமல் படிப்பாள். படித்ததும் கடையின் பின்னறையில் துணி உருளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கைபேசியில் பேசிப் பதிவு செய்து வாசகர் குழுவுக்கு அனுப்பிவிடுவாள். நாலு பக்கமும் துணி இருப்பதால் எதிரொலி கிடையாது. திட்டு ஒவ்வொன்றும் சுத்தமாக வந்து விழும். அதைக் கேட்டு எழுத்தாளருக்குத் தூக்கம் போகும், மற்றவர்களுக்குச் சாப்பாடு இறங்கும்.

“இந்த இளவரசனைப் பாருங்க. முந்நூறு பக்கம் அவ கழுத்துல கத்தி வெச்சிருக்கான். அடுத்த பக்கத்துல நெத்தியில முத்தம் வெக்கிறான். நடுவுல ஒரு ‘மன்னிச்சுக்கோ’ சொல்லக்கூடவா எழுத்தாளருக்குக் கட்டுப்படியாகல?” என்பாள்.

“முதல் பக்கத்துல வரைபடம் போட்டிருக்காரு. போட்டது வீணாப் போகக் கூடாதுன்னு அதுல இருக்கிற ஒரு மலை விடாம நம்மள நடத்தியே கூட்டிட்டுப் போறாரு. கதையில டிராகன் சும்மாத்தானே படுத்திருக்கு? அதுல ஏத்திட்டுப் போனா என்னவாம்?” என்பாள்.

எந்தச் சரக்கைக் காட்டினாலும் முதலில் முகத்தைச் சுளிக்க வேண்டும், பிடித்திருக்கிறது என்று காட்டினால் விலை ஏறிவிடும் என்று கேட்டு வளர்ந்த பெண். பாராட்டு அவள் வாயில் வராது.

அப்படிப்பட்டவள் ‘நீலச் சாம்பல்’ என்ற மாயாஜால நாவலைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்துவிட்டது.

“யுத்தம் நடக்குதுங்க. அரசி ஒரு மாய வாசலுக்குள்ள நுழையறா. அந்தப் பக்கம் என்ன இருக்கும்? இன்னொரு அரண்மனைன்னுதானே நினைப்பீங்க? இல்லை. காது மெஷின் விக்கிற கடை! அங்க ஒரு பொண்ணு, கொல்லுப் பட்டறையில அடிச்சு அடிச்சுக் காது போன ஒருத்தனுக்கு மெஷின் மாட்டிவிடறா. மெஷினை அணைச்சுட்டோம்னு நினைச்சு, ‘உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு’ன்னு மெதுவாச் சொல்றா. பக்கத்தைப் புரட்டினா மறுபடியும் யுத்தம்! எதுக்குப் போனோம், அவ யாரு, ஒரு விளக்கமும் கிடையாது. சொல்லாம விட்டாரு பாருங்க, அதுக்குத்தாங்க துணிச்சல் வேணும். அரசியோட மனசுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற இன்னொரு பொண்ணுதான் அவன்னு நான் நினைக்கிறேன். இந்தப் பதினாறு பக்கத்துக்காக மீதி எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன்.”

கேட்டவர்கள் கடைகளில் போய்க் கேட்டு வாங்கினார்கள். வாங்கிப் படித்தவர்கள் குழம்பினார்கள். ‘எங்க புத்தகத்துல காது மெஷின் கடையே இல்லையே’ என்று ஒருவர் எழுதினார். ‘கத்தரிக்கு முத்திடுச்சு’ என்று இன்னொருவர். எதற்கும் அசையாதவள், நாவலாசிரியரே அனுப்பிய செய்தியைப் பார்த்ததும் கையிலிருந்த அளவு நாடாவைக் கீழே போட்டாள்.

‘ரொம்ப நன்றிங்க மேடம். ஆனா நான் அப்படி எதுவும் எழுதலையே. அரசி வாசலுக்குள்ள போனதும் பனிக்காடுதான் வரும்.’

தன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு புத்தகக் கடைக்கு ஓடினாள். அங்கே அடுக்கியிருந்த பிரதி ஒன்றைப் பிரித்தாள். நூற்றிருபத்தொன்பதாம் பக்கத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதிலும் பனி. அவளுக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துவிட்டது.

புத்தகக் கடைக்காரர் அவளுடைய பிரதியை வாங்கி முதுகுப் பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார்.

“பதினாறு பக்கத்தை ஒரே தாள்ல அடிச்சு மடிப்பாங்கம்மா. ஃபாரம்னு பேரு. எல்லா ஃபாரத்தையும் வரிசையா அடுக்கித்தான் தைப்பாங்க. அச்சகத்துல ரெண்டு புத்தகம் பக்கத்துப் பக்கத்துல ஓடியிருக்கு. அளவு ஒண்ணு, எழுத்து ஒண்ணு, பக்க எண்ணும் சரியாப் பொருந்திப் போச்சு. இன்னொண்ணோட ஒன்பதாவது ஃபாரம் இதுல வந்து உட்கார்ந்துடுச்சு. இங்க பாரு, தாளோட நிறமே வேற.”

வேறதான். வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் கூடுதல். ஒரே நிறம் என்று சொல்லி இரண்டு சாயத்தில் தோய்த்த துணியை அனுப்பும் மில்காரனைத் தெருமுனையிலிருந்தே கண்டுபிடித்துச் சண்டைக்குப் போகிறவள் அவள். பதினாறு பக்கம் நிறம் மாறியது கண்ணில் படவில்லை. பட்டிருந்தாலும் அதற்கும் ஒரு தத்துவம் சொல்லியிருப்பாள்.

“அந்த இன்னொரு புத்தகம் எதுங்க?”

“காதல் கதை மாதிரி இருக்கு. அதுதான் தினமும் ஒரு கூடை வருதே, எதுன்னு சொல்றது?”

அன்றே தப்பை ஒப்புக்கொண்டு பேசி அனுப்பினாள். நான் புகழ்ந்தது அந்த நாவலே இல்லை, வேறு ஏதோ ஒன்று என்றாள். நாவலாசிரியர் பாவம், “அப்ப என் புத்தகம் எப்படி மேடம்?” என்று கேட்டு எழுதினார். “திட்டலையே, அதை வெச்சுத் திருப்திப்பட்டுக்கோங்க” என்று பதில் போட்டாள். அவமானம் ஒரு பக்கம். அதைவிட, அந்தக் கடைப் பெண்ணும் கொல்லுப் பட்டறைக்காரனும் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடையில் அதைப் பற்றியே புலம்பினாள். அண்ணன் கல்லாவில் இருந்தார். அண்ணி தையல் மிஷினில் திரைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். கத்தரி வெட்டு மேசையில், வெட்டி எடுத்த ஒரு மாதிரித் தாளைத் துணிமேல் விரித்திருந்தாள். ஜன்னல் திரைக்கு மேலே அலையலையாகத் தொங்குமே, அந்தத் துண்டுக்கான தாள். பழைய காகிதங்களை ஒட்டி, வளைவு வரைந்து அண்ணி கொடுப்பாள். வரைந்த கோட்டின்மேல் இவள் வெட்டுவாள்.

“அதை எழுதினவங்க யாருன்னு மட்டும் தெரியட்டும் அண்ணி, அவங்க வீட்டு வாசல்லயே போய் நிப்பேன்.”

“நிக்க வேண்டாம், உட்காரு,” என்றாள் அண்ணி. மிஷின் நிற்கவில்லை. “அந்தப் பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொன்னதும் அவன் என்ன பண்றான்?”

“ரசீதுல கையெழுத்துப் போட்டுட்டு எழுந்துக்கறான். அதோட அந்தப் பதினாறு பக்கம் முடிஞ்சு போச்சே!”

“கதவு வரைக்கும் போவான். அங்க நின்னு, ‘இன்னொரு தடவை சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா’ம்பான். நூத்தி நாப்பத்தஞ்சாம் பக்கம், முதல் வரி.”

கத்தரி மாதிரித் தாளைக் கையில் பிடித்தபடியே திரும்பினாள்.

கல்லாவிலிருந்து அண்ணன் தலையை நீட்டினார். “அட, இது உன் புத்தகத்துல வர்றதாச்சே? ‘கொஞ்சம் சத்தமாக’! நானே படிச்சிருக்கேனே.”

பில்லைத் தவிர வேறெதையும் படித்தறியாத மனிதர். அவர் படித்திருக்கிறார். கத்தரி படிக்கவில்லை. ஆனால் சில மாதங்களுக்கு முன் அண்ணி தன் முதல் நாவலை அவள் கையில் கொடுத்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாரம் கழித்து, “நல்லா இருக்கு அண்ணி” என்று சொல்லியிருந்தாள். அட்டையைக்கூடப் புரட்டவில்லை. படித்து, அது மோசமாக இருந்து, உள்ளதைச் சொன்னால் வீட்டில் யார் முகத்தில் யார் விழிப்பது என்ற பயம். படிக்காமலே சொல்லிவிட்டால் பொய்யும் சின்னது, வேலையும் மிச்சம் என்று நினைத்தாள்.

“அண்ணி, நான்…”

“நீ பேசினதைக் கேட்டேன். என் பக்கத்தை நீ அழுதுட்டே புகழ்ந்ததும் எனக்குத் தலைகால் புரியல. அதையே நாலு தடவை போட்டுக் கேட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. என் புத்தகத்தைப் படிச்சிருந்தா இவளுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னு.” அண்ணி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “ஊர்ல ஒருத்தர் விடாம கிழிக்கிறவ நீ. என்னை மட்டும் ‘நல்லா இருக்கு’ன்னு அனுப்பி வெச்சே. திட்டக்கூடத் தகுதியில்லாத எழுத்துன்னுதான் நினைச்சேன். அடுத்ததைப் பாதியில நிறுத்திட்டேன்.”

“அடுத்ததா? எழுதிட்டு இருந்தீங்களா? எங்க அது?”

“உன் கையில.”

கத்தரி குனிந்து பார்த்தாள். கையில் மாதிரித் தாள். புரட்டினாள். பின்பக்கம் முழுக்க அண்ணியின் கையெழுத்து. தினமும் அளவுச் சீட்டில் பார்க்கிற அதே குண்டு எழுத்து. ‘அவள் கதவைத் திறந்தாள். வாசலில்’ என்று ஒரு வரி ஓடி, வளைவின் ஓரத்தில் அறுந்திருந்தது. வாசலில் யார், என்ன என்பது துண்டோடு போய்விட்டது. வெட்டு நேர்த்தியாக இருந்தது, அவளுடைய வெட்டுதான். ஆணியில் தொங்கிய மற்ற தாள்களையும் எடுத்துப் புரட்டினாள். எல்லாம் அதே. இத்தனை வாரமாக ஒரு நாவலை மேசைமேல் போட்டு அலையலையாக வெட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு தாளைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

மேசைமேல் கிடந்த கத்தரிக்கோலைத் தூரத் தள்ளினாள்.

“வேற நகல்?”

“இல்ல.”

“ஞாபகத்துல இருக்கும்ல அண்ணி? மறுபடி எழுதுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அண்ணி முதல் முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். “முதல்ல அந்தப் புத்தகத்தைப் படி. முழுசா. படிச்சுட்டு, ஊர்க்காரங்களுக்குச் சொல்ற மாதிரி எனக்குச் சொல்லு. அப்புறம் எழுதறதா வேண்டாமான்னு பாக்கலாம். இந்தத் தடவை நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும். தெரிஞ்சா நான் பேனாவைத் தொடறதா இல்லை.”

மறுநாள் பின்னறையில் உட்கார்ந்து அட்டை முதல் அட்டை வரை படித்தாள். நாவல் சுகமில்லை. முதல் நூற்றிருபத்தெட்டுப் பக்கமும் கதாநாயகன் மழையில் நனைகிறான், கதாநாயகி ஜன்னலில் நிற்கிறாள். ஊரில் உள்ள எல்லாக் காதல் கதையிலும் நனைகிற அதே மழை. பிறகு அந்தப் பதினாறு பக்கம், பாலைவனத்தில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன தண்ணீர்க் குடம் போல. அது தீர்ந்ததும் மறுபடி மழை.

நல்லா இருக்கு என்றால் பொய்; அண்ணி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். உள்ளதைச் சொன்னால், பாதியில் நின்றது ஒரேயடியாகச் செத்தாலும் சாகலாம். எத்தனையோ பேருக்கு உள்ளதைச் சொன்னவள்; அவர்கள் யார் வீட்டுக்கும் இரவு சாப்பாட்டுக்குப் போக வேண்டியிருந்ததில்லை.

அண்ணியின் மிஷினுக்கு எதிரே போய் நின்றாள்.

“அண்ணி, ரெண்டு தடவை மழையில நிக்கிறான்.”

“மூணு தடவை,” என்றார் அண்ணன் கல்லாவிலிருந்து.

“நீங்க சும்மா இருங்க,” என்றாள் அண்ணி. “அவ சொல்லட்டும்.”

“முதல் பாதியில எனக்குக் கொட்டாவி வந்துச்சு. அவ ஏன் ஒண்ணுமே பேசாம நிக்கிறான்னு எரிச்சல் வந்துச்சு. வில்லன் மாதிரி ஒரு மாமா வர்றாரே, அவரு எதுக்கு வந்தாரு, எப்பப் போனாரு, அவருக்கே தெரியாது.” கத்தரியின் குரல் அவளுக்கே யாருடையதோ போல் கேட்டது. “அந்தக் காது மெஷின் கடை மட்டும் வேற யாரோ எழுதின மாதிரி இருக்கு அண்ணி.”

அண்ணியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “அது எங்க அப்பாவுக்கு மெஷின் வாங்கப் போன இடம். நான் கண்ணால பார்த்தது.”

“அதான். மீதியெல்லாம் நீங்க மத்த நாவல்ல பார்த்தது.”

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிதாகச் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அண்ணி மிஷினின் விசையை அணைத்தாள். எழுந்தாள். அவ்வளவுதான், தொலைந்தது என்று கத்தரி கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அண்ணி ஆணியிலிருந்து தாள்களை உருவிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கதவைத் திறந்தாளே, வாசல்ல யாருன்னு தெரியுமா?”

“தெரியாது அண்ணி. நான்தான் வெட்டிட்டேனே.”

“நல்ல வேளை. அங்கயும் ஒருத்தன் நனைஞ்சுட்டுதான் நின்னான்.” தாள்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக் காதில் செருகினாள். “பின்னறையை நான் எடுத்துக்கறேன். இனிமே நீ பேசறதா இருந்தா மாடிப்படியில உட்கார்ந்து பேசு. யாரும் கதவைத் தட்டக் கூடாது.”

கதவு சாத்திக்கொண்டது. அண்ணன் எழுந்தே நின்றுவிட்டார். “ஏய் கத்தரி! சாயங்காலத்துக்குள்ள ஆறு ஜன்னல் தரணும். யார் தைக்கிறது?”

கத்தரி மிஷினைப் பார்த்தாள். வெட்டத்தான் தெரியும், தைத்ததே இல்லை. உட்கார்ந்து, காலால் தடவி மிதியைக் கண்டுபிடித்து அழுத்தினாள். மிஷின் அலறிக்கொண்டு ஓடியது. நின்ற பிறகு எடுத்துப் பார்த்தால், தையல் ஆற்றைப் போல வளைந்து வளைந்து போயிருந்தது.

அண்ணன் குனிந்து பார்த்தார். “என்ன இது?”

“கோணல்,” என்று சொல்லிவிட்டு, நூலைப் பிரிக்க ஊசியைத் தேடினாள்.