சந்திரமதியின் குரல் தாளில் இருந்த காலம்

சுவிஸில் ஊஸ்டர் என்கிற ஊரில் இருக்கிற தில்லைநாதனுடைய மகள் தர்மிகா எந்தச் சத்தத்தைத் தாளில் எழுதினாலும் அந்தச் சத்தம் அது இருந்த இடத்தை விட்டுப் போய்விடும். எழுதினதை ஆட்களுக்கு முன்னால் தொடக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்து முடித்தால் திரும்பி வந்துவிடும். இது முதலில் தெரிய வந்தது அவள் சூரிச்சில் இசை எழுதப் படித்துக்கொண்டிருந்தபோது. வீட்டுக் குளிர்ப்பெட்டியின் இரைச்சலை நாலு வயலினுக்கு என்று எழுதினாள். மறுநாள் பெட்டி மூச்சில்லாமல் நின்றது. பழுதாகிவிட்டதென்று தில்லைநாதன் உள்ளே இருந்த மீனையெல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டுக் கையை வைத்துப் பார்த்தால், பெட்டி நன்றாகக் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. இரைச்சல் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்த நாலு வயலினும் வாசித்த அன்று பின்னேரம் பெட்டி திரும்ப இரையத் தொடங்கியது. மீன் திரும்பி வரவில்லை. பிறகு ஒருமுறை பக்கத்துத் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமை மணியை எழுதினாள். ஒரு முழுக் குளிர்காலமும் மணி ஆடியது, ஒலிக்கவில்லை. மணி பார்க்கிற ஆட்கள் ஏணி வைத்து ஏறி எண்ணெய் போட்டார்கள். மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று முன்பு முறைப்பாடு கொடுத்தவர்கள் ஒன்றும் தெரியாதவர்கள் போல இருந்தார்கள். பாஸல் நகரத்துக் கச்சேரி ஒன்றில் அதை வாசித்து முடித்ததும் மணியும் ஒலித்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். அந்தத் தெருவில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் எந்தக் குழுவிலும் சேர்ந்தவள் அல்ல, யாரிடமும் சம்பளத்துக்கு இருந்தவளும் அல்ல. யாராவது ஒரு விழாக்காரர் கேட்டால் எழுதுவாள். கேட்காவிட்டால் கேட்கும்படி கடிதம் எழுதிப் போடுவாள். அறக்கட்டளைகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். புதன்கிழமைப் பின்னேரங்களில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுப்பாள். மிச்ச நேரமெல்லாம் வாசிப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தாள் பிரித்து, கை ஓய்கிற இடத்தில் பக்கம் புரளுகிறதோ என்று பார்த்து, ஒட்டி, திருத்திக்கொண்டிருப்பாள். கலியாண வீடுகளில் இதை விளக்க வழியில்லை. ஒருமுறை சாப்பாட்டு வரிசையில் நின்ற கோசலா என்கிற மனுசி விடவில்லை.

"பிள்ளை என்ன, வீணையோ?"

"இல்லை மாமி, நான் இசை எழுதுறன்."

"பாடுறது ஆர்?"

"ஒருத்தரும் பாடுறேல்லை."

"அப்ப என்னத்துக்கு எழுதுறீர்?"

தர்மிகாவின் தாய் சந்திரமதி பின்னால் நின்றவள் தட்டோடு முன்னுக்கு வந்தாள். "கோசலா, உம்மட மகன் அந்த வங்கியிலை உள்ளுக்கை இருந்து என்ன செய்யிறார் எண்டு உமக்குத் தெரியுமோ? தெரியாதெல்லே. அதுமாதிரித்தான் இதுவும். கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டு நடவும்."

சந்திரமதிதான் அந்தக் குடும்பத்தின் வாய். அகதியாக வந்த நாளிலிருந்து விசா கந்தோரிலும் பள்ளிக்கூடத்திலும் வைத்தியரிடமும் அவள்தான் கதைத்தாள். டொச் என்கிற ஜெர்மன் மொழியில் அவளுக்கு இலக்கணம் இல்லை, ஆனால் எதிரே இருப்பவர் எழும்பி நின்று கேட்பார். தில்லைநாதன் முதியோர் இல்லத்துச் சமையலறையில் முப்பது வருசம் வேலை செய்து ஓய்வெடுத்தவர். வீட்டில் அவர் வாயைத் திறப்பது சாப்பிட மட்டும்.

எங்கடின் என்கிற மலைப் பள்ளத்தாக்கில் கோடை முடிவில் ஓர் இசை விழா நடக்கும். ஒரு வசந்தத்தில் அந்த விழாக்காரர்கள் தர்மிகாவைப் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வீட்டில் இருந்த சத்தமெல்லாம் ஒருமுறை போய் வந்தவை. திரும்ப எழுதினால் தண்ணீர் கலந்த பால்போல இருந்தது. மனிதரின் சத்தத்தை எழுதுவதில்லை என்று முதலிலிருந்தே வைத்திருந்தாள். கடைசியில், சூக் நகரத்தில் ஒரு கொம்பனியில் மேசை வேலை இருக்கிறது, விழாக்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டு அங்கே போகப்போகிறேன், இனி எழுதுவதில்லை என்றாள். சந்திரமதி லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ர குரலை எழுது," என்றாள்.

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா."

"கோடை முடியத் திருப்பித் தருவாய்தானே. கொப்பரும் கொஞ்சக் காலம் நிம்மதியாய் இருக்கட்டும்."

தில்லைநாதன் பேப்பரைத் தாழ்த்தினார். "நான் ஒண்டும் சொல்லேல்லையே."

"அதைத்தான் சொல்லுறன்," என்றாள் சந்திரமதி.

தர்மிகா இரண்டு கிழமை மறுத்தாள். பிறகு எழுதினாள். செல்லோ, அக்கார்டியன், மேளம் என்று மூன்று பேருக்கு. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் நடப்பதுதான் அதில் இருந்தது: கோப்பைகள் வைக்கிற ஓசை, குழாய்த் தண்ணீர், கதிரை இழுபடுவது. பிறகு ஒரு நீண்ட மௌனம், ஏனென்றால் எல்லாம் மேசையில் வைத்த பிறகு சந்திரமதி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்பாள், யாராவது தாங்களாக வருகிறார்களோ என்று. ஒருவரும் வரமாட்டார்கள். அதற்குப் பிறகுதான் கூப்பிடுவாள். "தர்மி, சோறு ஆறுது, வா." அந்தக் கூப்பிடுதலைச் செல்லோவுக்குக் கடைசி வரியாக எழுதினாள். அவள் கடைசிப் புள்ளியை வைத்தபோது சந்திரமதி யன்னல் துடைப்பதைப் பற்றி யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். பாதிச் சொல்லில் குரல் நின்றது. மிச்சத்தை அவள் கையால் ஏசி முடித்தாள்.

முதல் வாசிப்புக்கு ஊஸ்டரிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் போனார்கள். ஒழுங்கு செய்தவர் சண்முகநாதன். சூரிச் பக்கத்தில் எந்த அரங்கேற்றம் நடந்தாலும் யார் யாருக்குப் பொன்னாடை போர்ப்பது, எந்த உருப்படிக்குப் பிறகு போர்ப்பது என்று தீர்மானிப்பவர் அவர்தான். அவர் எழும்பினால் மண்டபம் எழும்பும். தில்லைநாதனின் பிள்ளைக்குத் தமிழ்ச் சனம் இல்லாமல் வெள்ளைக்காரர் மட்டும் இருந்து கைதட்டுவது சரியில்லை என்று அவரே சொல்லி, ரோல்ஸும் வடையும் கட்டி, மாலையும் மூன்று பொன்னாடையும் எடுத்துக்கொண்டு, மலை ரயில் பாதைக்குப் பக்கத்தால் பஸ்ஸைக் கொண்டுபோய் விழா நடக்கிற தேவாலய வாசலில் நிறுத்தினார். விஷயம் தெரிந்தவர்கள் வீட்டார் மூன்று பேர் மட்டும்.

மூன்று பேரும் வாசித்தார்கள். கோப்பை, தண்ணீர், கதிரை எல்லாம் வந்து போனது. பிறகு மௌனம் வந்தது. செல்லோ வாசித்த ரெகூலா வில்லைத் தூக்கியபடி அசையாமல் இருந்தாள். சண்முகநாதன் இடமும் வலமும் பார்த்தார். அவருடைய அனுபவத்தில் மேடையில் சத்தம் நின்றால் ஒன்றில் உருப்படி முடிந்தது, இல்லாவிட்டால் மைக் பழுது. அங்கே மைக் இல்லை. ஆகவே எழும்பினார். அவர் எழும்ப பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் எழும்பியது. அவர் நடந்துபோய், தூக்கிய வில்லோடு இருந்த பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்தார். அவள் மரியாதை தெரிந்த பிள்ளை, வில்லை இறக்கிவிட்டுக் கும்பிட்டாள். மற்ற இருவருக்கும் போர்த்தார். மாலையைத் தர்மிகாவின் கழுத்தில் போட்டார். உள்ளூர்ச் சனமும் இதெல்லாம் இசையில் சேர்ந்ததென்று நினைத்து எழும்பி நின்று கைதட்டியது. முன் வரிசையில் சந்திரமதி வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை படித்தவர்களுடைய வேலை. ஒரு பத்திரிகைக்காரர், சடங்கும் இசையும் சேர்ந்த துணிச்சலான முடிவு என்று எழுதினார். அவர் எழுதியதை வாசித்த மற்ற விழாக்காரர்கள் தர்மிகாவைத் தேடி வந்தார்கள். ஜெர்மனியிலிருந்து வந்தார்கள், ஒஸ்ரியாவிலிருந்து வந்தார்கள். வாசிக்கிறோம், ஆனால் அந்தப் பொன்னாடையோடு முடிகிற மாதிரி, அந்த முதியவரையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். கடைசி வரி வரை வாசியுங்கள், பொன்னாடை வேண்டாம் என்றாள் அவள். சிரித்தார்கள், கையைக் கொடுத்தார்கள், பிறகு பதில் இல்லை. பொன்னாடை இல்லாமல் அது ஏற்கெனவே ஒருமுறை வாசித்த பழைய சரக்கு. புதிதாக எழுதினதை முதன்முதலாக வாசிக்க எல்லோருக்கும் ஆசை, இரண்டாம் தரம் வாசிக்க ஒருவருக்கும் மனம் இல்லை. அந்தத் தொழிலில் அது வழக்கமாம். சரி என்று சொல்லியிருந்தால் அவள் பெயர் பெரிய இடங்களுக்குப் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. ரெகூலாவும் மற்ற இருவரும் ஊஸ்டர் வீட்டுக்கே வந்து அதை முழுதாக வாசித்தும் பார்த்தார்கள். செல்லோவின் சத்தம் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்குள் வாசிப்பது கணக்கில் இல்லை, வந்து குந்தியிருந்து கேட்கிற சனம் வேண்டும்.

வருசங்கள் போயின. தர்மிகா வேறு பலதை எழுதினாள், ஏரிக்கரை மரப்பாலத்தை, பனி வழிக்கிற வண்டியை. அவையெல்லாம் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தன. சந்திரமதி வைத்தியரிடம் போனாள். அவர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். சாப்பாட்டுக்குக் கூப்பிடச் சட்டி மூடியில் அகப்பையால் தட்டினாள். மகளைக் குறை சொல்லி ஒரு முகம் காட்டியதில்லை. மகள் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டுகிற சத்தம் கேட்க முன்னரே மேசைக்கு வந்து இருக்கப் பழகினாள். கந்தோர்களில் தில்லைநாதன் கதைக்க வேண்டி வந்தது. முதலில் வேர்த்தார், பிறகு பழகினார். ஒரு நாள் அவர் தன் தங்கை மகளின் பழைய கலியாண வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது, அதில் சந்திரமதி சிரித்துச் சிரித்துக் கதைக்கிற இடத்தில் வாய் மட்டும் அசைந்தது. போனில் சேர்த்து வைத்திருந்த செய்திகளைப் போட்டார். அவற்றிலும் இல்லை. மகளைக் கூப்பிட்டு, அம்மாவின் குரல் எப்படி இருந்தது என்று கேட்டார். தர்மிகா சொல்ல வாயெடுத்தாள். எழுதினவளுக்கே அது கனமா மெல்லிதா என்று சொல்ல முடியவில்லை. தில்லைநாதன் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு சண்முகநாதன் வீட்டுக்குப் போனார்.

எல்லாவற்றையும் சொன்னார். சண்முகநாதன் கடைசிவரை கேட்டார்.

"தில்லை, பாட்டு முடிஞ்சால் முடிஞ்சதெண்டு தெரியவேணும். உம்மட பிள்ளையின்ர பாட்டிலை அது இல்லை. அது என்ர பிழையோ?"

"பிழையெண்டு சொல்ல வரேல்லை அண்ணை. நீங்கள் எழும்பினபடியால்தான் சனம் எழும்பினது. இனி நீங்கள் இருந்தால்தான் சனம் இருக்கும்."

"எவ்வளவு நேரம் இருக்கவேணும்?"

"அவள் கூப்பிடும் வரைக்கும்."

தில்லைநாதன் இவ்வளவு கதைத்து அவர் கேட்டதில்லை. அதனால்தான் சம்மதித்தார் என்று ஆட்கள் சொல்வார்கள். பயந்துதான் சம்மதித்தார் என்றும் சொல்வார்கள்.

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், அரங்கேற்றங்கள் நடக்கிற பாடசாலை மண்டபம் நிறையச் சனம் வந்தது. வாசிக்கிற மூன்று பேருக்கும் பக்கத்தில், சனத்தைப் பார்த்தபடி, மேடையில் ஒரு கதிரை போட்டுச் சண்முகநாதன் இருந்தார். வாசலில் அவர் ஒன்றைத்தான் சொல்லி வைத்திருந்தார்: நான் எழும்பும் வரைக்கும் ஒருவரும் எழும்பக்கூடாது, வீடு பத்தினாலும். கோப்பையும் தண்ணீரும் கதிரையும் வந்து போயின. மௌனம் வந்தது. சனம் அவரைப் பார்த்தது. அவர் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். ஒரு குழந்தை, முடிஞ்சுதோ என்று கேட்டது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். குசினிப் பக்கம் பாத்திரம் ஒன்று உருண்டு தானாக நின்றது. சண்முகநாதனுக்கு இருமல் வந்தது. விழுங்கினார், முகம் கறுத்தது, கண்ணால் தண்ணீர் வடிந்தது, ஆனால் உடம்பு அசையவில்லை. அவ்வளவு சனமும் அவ்வளவு நேரம் கதைக்காமல் இருந்ததை அந்த மண்டபம் அதற்கு முன் கண்டதில்லை. மேசையில் சோற்றை வைத்துவிட்டு ஒருத்தி எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

ரெகூலா வில்லைத் தந்தியில் வைத்தாள். செல்லோவிலிருந்து, தர்மி, சோறு ஆறுது, வா என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது. கடைசி வரிசைக்கும் கேட்டது. பெயர் தர்மியுடையதுதான், ஆனால் மண்டபத்தில் இருந்த எல்லோரும் தங்களைத்தான் கூப்பிட்டது என்று கொஞ்சம் நிமிர்ந்தார்கள். பிறகு செல்லோவும் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. சண்முகநாதன் எழும்பவில்லை. ஒருதரம் ஏமாந்தவர், இதுவும் இன்னொரு மௌனமாக இருக்கலாம் என்று அப்படியே இருந்தார். அவர் இருக்க, சனமும் இருந்தது. ரெகூலா வில்லை மடியில் வைத்த பிறகும் அவர் இருந்தார். எங்கே போய் முடியுமோ தெரியாது, முன் வரிசையில் சந்திரமதி செருமினாள்.

"முடிஞ்சுது அண்ணை," என்றாள். "எழும்புங்கோ."

திரும்பி வந்தது எழுதின வசந்தத்துக் குரல். இடையில் போன வருசங்கள் அதில் இல்லை. சந்திரமதிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, குரல் மட்டும் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நிற்கிறது. கனடாவிலிருந்து போன் எடுக்கிற உறவுக்காரர்கள் மகளென்று நினைத்து, பிள்ளை, அம்மாவிட்டைக் குடும் என்று கேட்கிறார்கள். சந்திரமதி போனைக் காதிலிருந்து எடுத்து, கொஞ்சம் பொறுத்து, திரும்ப வைத்து, "ஓம், சொல்லுங்கோ" என்கிறாள்.